120 டிகிரி என்னும் பாதி விடை

"பேரியம் டைட்டனேட்டின் கியூரி வெப்பநிலை என்ன?" இரண்டு மதிப்பெண் கேள்வி. "120 டிகிரி செல்சியஸ்" என்று எழுதினால் முழு மதிப்பெண். எழுதியவருக்கும் நிம்மதி, திருத்துபவருக்கும் நிம்மதி. ஒரே ஒரு சிக்கல்தான். அது பாதி விடை.

தப்பான விடையாக இருந்தால்கூடப் பரவாயில்லை, என்றாவது ஒருநாள் யாராவது திருத்திவிடுவார்கள். பாதி விடைக்கு அந்த ஆபத்தும் கிடையாது. ஒரு புத்தகத்தின் அட்டவணையிலிருந்து அடுத்த புத்தகத்தின் அட்டவணைக்குத் தாவி, ஒரு தலைமுறையின் நோட்டிலிருந்து அடுத்த தலைமுறையின் நோட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மீதிப் பாதி எங்கே என்று கேட்பாரில்லை.

அந்த மீதிப் பாதி இதுதான். யாரும் இழுக்காத, யாரும் அழுத்தாத, தன்பாட்டுக்குச் சும்மா கிடக்கிற கட்டிப் படிகத்துக்குத்தான் 120 டிகிரி. அதே பேரியம் டைட்டனேட்டை மெல்லிய படலமாக வேறொரு படிகத்தின் மேல் வளர்த்தால் அந்த எண் நூற்றுக்கணக்கான டிகிரி நகர்ந்துவிடும். வேதியியல் சேர்மானம் மாறவில்லை, அணுக்கள் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று, திரிபு. அணுக்களுக்கு இடையிலான தூரத்தில் ஒரு சதவீதம், ஒன்றரை சதவீதம். அவ்வளவுதான்!

ஆகவே 'பேரியம் டைட்டனேட்டின் கியூரி வெப்பநிலை' என்று ஒன்று தனியாகக் கிடையாது. 'இந்தத் திரிபில் பேரியம் டைட்டனேட்டின் கியூரி வெப்பநிலை' என்றுதான் உண்டு. இதை முதல் வகுப்பிலேயே சொல்லாமல் மறைப்பது எளிமைப்படுத்துவது ஆகாது. ஏமாற்று வேலை.

முதலில் இந்த ஃபெரோஎலக்ட்ரிக் என்றால் என்ன?

பெயரைப் பார்த்து இரும்பு இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். காந்தத்தில் நடப்பதைப் போலவே மின்சாரத்தில் நடப்பதால் வந்த பெயர். 1920-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வலசெக் என்பவர் ரோஷெல் உப்பில் முதன்முதலில் கண்டது. வெளியிலிருந்து மின்புலம் எதுவும் இல்லாமலே படிகத்துக்குள் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் என்று பிரிந்து நிற்கும். மின்புலம் கொடுத்தால் திசை தலைகீழாகத் திரும்பும். மின்புலத்தை எடுத்த பிறகும் திரும்பிய திசையிலேயே நிற்கும். ஒரு திசை 0, மறு திசை 1 என்று வைத்துக்கொண்டால் அது ஒரு நினைவகம். மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்.

பேரியம் டைட்டனேட்டின் கட்டமைப்பு சின்னக் கனசதுரம். மூலைகளில் பேரியம், முகங்களின் நடுவில் ஆக்சிஜன், மையத்தில் டைட்டானியம். 120 டிகிரிக்கு மேலே டைட்டானியம் சராசரியாக மையத்திலேயே இருக்கும். கீழே வந்ததும் ஏதோ ஒரு ஆக்சிஜன் பக்கம் துளி நகர்ந்து உட்காரும். கனசதுரம் கொஞ்சம் நீண்டு செவ்வகப் பெட்டியாகும். இந்த மாற்றம்தான் நிலைமாற்றம். இன்னும் குளிர்வித்தால் சுமார் 5 டிகிரியில் ஒன்று, சுமார் மைனஸ் 90-ல் இன்னொன்று என்று மேலும் இரண்டு நிலைமாற்றங்கள் உண்டு.

டைட்டானியம் ஏன் நகர வேண்டும்? இரண்டு சக்திகளின் இழுபறி. பக்கத்து அணுக்களின் எலக்ட்ரான் மேகங்கள் அதை நடுவிலேயே இரு என்று தள்ளுகின்றன. தூரத்தில் இருக்கும் மற்ற மின்இருமுனைகள் எல்லாம் சேர்ந்து வெளியே வா என்று இழுக்கின்றன. இரண்டுமே பெரிய சக்திகள், ஏறத்தாழ சமமான சக்திகள். எது ஜெயிக்கிறது என்பதை முடிவு செய்வது இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசம்.

மேட்டரே இங்கேதான் இருக்கிறது. மாதம் ஒரு லட்சம் வரவு, 99,000 செலவு என்றால் மிச்சம் 1,000. செலவு வெறும் ஒரு சதவீதம் ஏறினால் 990 ரூபாய் போய், மிச்சம் 10 ரூபாய். செலவில் ஒரு சதவீதம்தான் ஏறியது, சேமிப்பில் 99 சதவீதம் காலி. இரண்டு பெரிய எண்களைக் கழித்து வரும் சின்ன மிச்சத்தில் வாழும் குடும்பத்துக்கு ஒரு சதவீதம் என்பது சின்ன விஷயமே இல்லை. ஃபெரோஎலக்ட்ரிக் ஆக்சைடுகள் அப்படிப்பட்ட குடும்பம். அணுக்களுக்கு இடையிலான தூரத்தை ஒரு சதவீதம் மாற்றினால் கணக்கே தலைகீழாகும்.

குக்கருக்கு இருக்கும் மரியாதை

"அடிப்படை தெரிந்தால் போதும், திரிபு எல்லாம் மேல்படிப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீரின் கொதிநிலையை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? 100 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தத்தில். பள்ளிப் புத்தகத்திலேயே அந்த வால் உண்டு. குக்கரில் அழுத்தம் கூடுவதால் 100-ஐத் தாண்டிக் கொதிக்கிறது, அதனால் பருப்பு சீக்கிரம் வேகிறது என்பது சமையலறையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். கொதிநிலைக்கு அழுத்தத்தைச் சேர்த்துச் சொல்வதால் எந்த மாணவரும் குழம்பிப் போனதில்லை. அதே மரியாதையைக் கியூரி வெப்பநிலைக்குக் கொடுக்க என்ன தயக்கம்?

தயக்கத்துக்குக் காரணம் பழைய பழக்கம். ஆக்சைடுப் படிகங்கள் பீங்கான் மாதிரி. ஒரு சதவீதம் இழுப்பதற்கு முன்பே உடைந்துவிடும். இழுக்கவே முடியாத பொருளுக்கு 'இழுத்தால் என்ன ஆகும்' என்று அட்டவணையில் எதற்குப் பத்தி ஒதுக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அது சரி. இன்றைக்குச் சரியில்லை.

உடையாமல் இழுக்கும் வித்தை

மெல்லிய படலம் உடையாது. காரணம், அதை யாரும் கையால் இழுப்பதில்லை. அடியில் இருக்கும் படிகம் இழுக்கிறது. பந்தியில் இலைகளை ஒரே இடைவெளியில் போட்டுவிட்டால் வருகிறவர் ஒல்லியோ பருமனோ அந்த இடைவெளிக்கு ஏற்ப ஒடுங்கியோ விரிந்தோ உட்கார வேண்டியதுதான். அடித்தளப் படிகத்தின் அணுக்கள் அப்படி இடைவெளி குறித்து வைத்திருக்கின்றன. மேலே வந்து அமரும் படலத்தின் அணுக்கள் அதற்கு அடங்கி அமர்கின்றன.

ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டின் இயல்பான அணு இடைவெளி 0.3905 நானோமீட்டர். டிஸ்ப்ரோசியம் ஸ்காண்டேட் என்ற படிகத்தில் அதற்கு இணையான இடைவெளி சுமார் 0.395. முன்னதைப் பின்னதன் மேல் வளர்த்தால் எல்லாப் பக்கமும் சுமார் ஒரு சதவீதம் இழுபடும். பேரியம் டைட்டனேட்டுக்கு இயல்பான இடைவெளி சுமார் 0.400. அதே டிஸ்ப்ரோசியம் ஸ்காண்டேட் மேல் வளர்த்தால் அது சுமார் 1.7 சதவீதம் ஒடுங்கும். ஆக அடித்தளத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது திரிபைத் தேர்ந்தெடுப்பது.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. படலம் தடிமனாக ஆக, சேரும் மீள்சக்தியும் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் இடைமுகத்தில் இடப்பெயர்வுக் கோடுகளை உருவாக்கி, படலம் தன் பழைய இடைவெளிக்கே திரும்பிவிடும். பேரியம் டைட்டனேட்டை ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் மேல் வளர்த்தால் 2 சதவீதத்துக்கும் மேல் பொருத்தமின்மை, சில நானோமீட்டரைத் தாண்டியதும் தளரத் தொடங்கும். அதனால்தான் 'படலம்' என்று மட்டும் சொன்னால் போதாது. எதன் மேல், எவ்வளவு தடிமன், திரிபு எவ்வளவு மிச்சம் என்று அளந்து சொல்ல வேண்டும்.

1998-ம் 2004-ம்

1998-ல் பெர்ட்செவ், செம்பிள்கோடொவ், டாகன்ட்செவ் மூவரும் பேரியம் டைட்டனேட், ஈய டைட்டனேட் படலங்களுக்குத் திரிபை ஒரு அச்சிலும் வெப்பநிலையை மறு அச்சிலும் வைத்து நிலைமாற்ற வரைபடம் போட்டார்கள். அதில் கியூரி வெப்பநிலை ஒற்றைப் புள்ளியாக இல்லை. கிட்டத்தட்ட ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஒரு கோடு. படலத்தைத் தளத்துக்குள் ஒடுக்கினாலும் ஏறுகிறது, இழுத்தாலும் ஏறுகிறது!

இரண்டுக்கும் ஒரே பலன் என்று அவசரப்படக் கூடாது. ஒடுக்கும்போது பெட்டி செங்குத்தாக நீள்வதால் மின்முனைவாக்கம் மேலும் கீழுமாக நிற்கும். இழுக்கும்போது அது தளத்துக்குள் படுத்துவிடும். கட்டிப் படிகத்தில் திடீரென்று தாவும் முதல்வகை நிலைமாற்றம், அடித்தளத்தோடு கட்டுண்ட படலத்தில் படிப்படியாக நடக்கும் இரண்டாம் வகையாகிறது. 5 டிகிரி, மைனஸ் 90 என்று மனப்பாடம் செய்த மற்ற இரண்டு மாற்றங்களும் பழையபடி இருப்பதில்லை. இன்னொரு வேடிக்கை, கட்டிப் படிகத்தை எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் கியூரி வெப்பநிலை குறைகிறது. ஆக 'அழுத்தினால் ஏறும்' என்ற குறுக்கு வழிப் பாடமும் உதவாது. எந்தத் திசையில் என்று கேட்டே ஆக வேண்டும்.

காகிதத்தில் இருந்தவரை இதை அலட்சியம் செய்ய முடிந்தது. 2004-ல் இரண்டு சோதனைகள் வந்தன.

முதலாவது ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட். இதற்கு அட்டவணையில் கியூரி வெப்பநிலையே கிடையாது. குளிர்விக்கக் குளிர்விக்க மின்கடத்தா மாறிலி 20,000-ஐத் தாண்டிப் போகும், இதோ மாறப்போகிறது என்று தோன்றும், மாறவே மாறாது. பூஜ்ய கெல்வின் பக்கத்திலும் ஓயாத குவாண்டம் அதிர்வு அதைத் தடுத்துவிடுகிறது என்று 1979-ல் முல்லரும் பர்கார்டும் விளக்கினார்கள். (இந்த முல்லர்தான் பிறகு உயர்வெப்ப மீகடத்திக்காக 1987-ல் நோபல் வாங்கியவர்.) 'ஒருநாளும் ஆகாது' என்று முத்திரை குத்தப்பட்ட அந்தப் பொருளை டிஸ்ப்ரோசியம் ஸ்காண்டேட் மேல் படலமாக வளர்த்து, ஹேனி, ஷ்லோம் குழுவினர் அறை வெப்பநிலை அருகிலேயே ஃபெரோஎலக்ட்ரிக் ஆக்கிக் காட்டினார்கள்.

இரண்டாவது, சோய், ஈயோம் குழுவினரின் பேரியம் டைட்டனேட். ஒடுக்கப்பட்ட படலங்களில் கியூரி வெப்பநிலை கிட்டத்தட்ட 500 டிகிரி வரை உயர முடியும், எஞ்சும் மின்முனைவாக்கம் கட்டிப் படிகத்தைவிடக் குறைந்தது 250 சதவீதம் அதிகம் என்று அறிவித்தார்கள்.

120 என்று எழுதினால் முழு மதிப்பெண். ஐந்நூறு டிகிரி விலகலை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அளவீட்டுப் பிழையிலா? :)

இதில் இன்னும் எரிச்சல் என்னவென்றால், 2004 வரை காத்திருக்கவே வேண்டியதில்லை. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் படிகத்தை ஒரு திசையில் அழுத்தினால், மிகக் குளிர்ந்த நிலையில் அது ஃபெரோஎலக்ட்ரிக் ஆகிறது என்று உவே, சகுடோ இருவரும் 1976-லேயே வெளியிட்டாயிற்று. அட்டவணைக்காரர்களுக்குச் சாக்குச் சொல்ல இடமே இல்லை.

'படலம் என்றாலே குறை' கோஷ்டி

இந்தக் கோஷ்டிக்கு உண்மையான பொருள் என்றால் கட்டிப் படிகம்தான். படலம் அதன் கெட்டுப்போன நகல். படலத்தில் எண் வேறாக வந்தால் படலம் சரியில்லை. மெலிதாக ஆக்கினால் ஃபெரோஎலக்ட்ரிக் குணமே செத்துப்போகும் என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

அதில் பாதி உண்மை இருக்கிறது. மெலிதாகும்போது மேற்பரப்பில் சேரும் மின்னேற்றங்களை மின்முனைகள் முழுதாக ஈடுகட்ட முடியாது. அதனால் உள்ளே ஒரு எதிர்ப்புலம் எழும். ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட் மின்முனைகளுக்கு நடுவே பேரியம் டைட்டனேட்டுக்குச் சுமார் 6 அலகுக்கூடுகள்தான் எல்லை என்று ஹுன்கேராவும் கோசேயும் 2003-ல் கணக்கிட்டார்கள். 6 அலகுக்கூடு என்றால் சுமார் 2.4 நானோமீட்டர். 2004-ல் ஃபாங் குழுவினர் ஈய டைட்டனேட்டில் வெறும் 3 அலகுக்கூடு தடிமனிலும் அறை வெப்பநிலையில் அந்தக் குணம் இருப்பதை எக்ஸ்-கதிரால் பார்த்தார்கள். அது எதிரெதிர்த் திசையில் கோடு கோடாகப் பிரிந்து நின்று எதிர்ப்புலத்தைச் சமாளித்துக்கொண்டது. ஆக 'மெலிந்தால் சாகும்' என்பதற்கு எல்லை 2 நானோமீட்டர் பக்கத்தில். 50 நானோமீட்டர் படலத்தில் எண் மாறினால் அதற்கும் அதே காரணத்தைச் சொல்வது ஜல்லி.

'எல்லாம் திரிபு மயம்' கோஷ்டி

எதிர்க்கரையிலும் ஒரு கோஷ்டி உண்டு. அவர்களையும் விட்டுவைக்க முடியாது. படலத்தில் எந்த அதிசயம் நடந்தாலும் 'திரிபுதான் காரணம்' என்று எழுதி முடித்துவிடுபவர்கள். அட்டவணைக்காரர்கள் திரிபையே பார்க்க மாட்டார்கள், இவர்கள் திரிபைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார்கள்.

பிஸ்மத் ஃபெரைட் கதை இவர்களுக்கு நல்ல மருந்து. பழைய கட்டிப் படிகங்களில் அளந்த மின்முனைவாக்கம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6 மைக்ரோகூலூம். 2003-ல் வந்த படலத்தில் 50-60. பத்து மடங்கு! அடித்தளம் கொடுத்த ஒடுக்கம்தான் காரணம் என்று பேசப்பட்டது. பிறகு கணக்குப் போட்டவர்கள், திரிபே இல்லாத பிஸ்மத் ஃபெரைட்டுக்கும் மதிப்பு பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். 2007-ல் தரமான கட்டிப் படிகங்களை வளர்த்து அளந்தபோது அவற்றிலும் 60-ஐத் தாண்டி வந்தது. படலம் எதையும் பத்து மடங்கு ஏற்றவில்லை, பழைய படிகங்கள்தான் மோசம். திரிபுக்குக் கிடைத்த புகழ் வேறொருவருக்குச் சேர வேண்டியது.

ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஸ்ட்ரான்ஷியம் விகிதம் கொஞ்சம் பிசகினாலே படலத்தில் சின்னச் சின்ன மின்முனைவுத் தீவுகள் முளைக்கும் என்று 2010 வாக்கில் காட்டப்பட்டது. எல்லாப் பொருளும் திரிபுக்கு ஒரே மாதிரி வளைந்து கொடுப்பதும் இல்லை. பேரியம் டைட்டனேட்டில் பெரிதாக எகிறும் மின்முனைவாக்கம், ஏற்கெனவே நன்றாக நீண்டிருக்கும் ஈய டைட்டனேட்டில் அவ்வளவாக அசைவதில்லை.

அப்படியானால் 2004 முடிவுகளும் குறைகளின் விளையாட்டுதானா? நியாயமான சந்தேகம். அதற்குப் பதில் பிறகு வந்தது. நீரில் கரையும் ஓர் இடை அடுக்கின் மேல் படலத்தை வளர்த்து, அந்த அடுக்கைக் கரைத்து, படலத்தைத் தனியாக உரித்தெடுக்கும் முறை 2016-ல் வெளியானது. 2020-ல் அப்படி உரித்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் சவ்வை வளையும் பாலிமர் தாளில் ஒட்டி 2 சதவீதம் வரை இழுத்தார்கள். அறை வெப்பநிலையிலேயே ஃபெரோஎலக்ட்ரிக் ஆனது. அடித்தளப் படிகம் இல்லை, இடைமுக வேதியியல் இல்லை. அதே சவ்வு, அதே குறைகள். மாறியது இழுப்பு மட்டும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரு எண்ணுக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்கலாம். முதல் நஷ்டம் மாணவருக்கு. 120 மட்டுமே தெரிந்து ஆய்வகத்துக்குள் போகிறவர், தன் படலம் 300 டிகிரியிலும் மாறாமல் இருப்பதைப் பார்த்தால் என்ன செய்வார்? கருவி கெட்டுவிட்டது என்பார், அல்லது தரவைத் தூக்கிப் போடுவார். உண்மையான விளைவு குப்பைத்தொட்டிக்குப் போகும்.

இரண்டாவது, சாதனம் செய்பவருக்கு. ஆக்சைடுப் படலத்தை 600, 700 டிகிரியில் சிலிக்கான் மேல் படியவைத்துக் குளிர்விக்கும்போது ஆக்சைடு அதிகம் சுருங்கப் பார்க்கும், சிலிக்கான் விடாது. சுமார் 0.4 சதவீதம் இழுவை சும்மாவே வந்து சேரும். இழுவை வந்தால் மின்முனைவாக்கம் படுத்துக்கொள்ளும். மேலும் கீழுமாகத் திரும்ப வேண்டிய நினைவகத்தில் அது படுத்தால் யாருக்குப் பயன்? அட்டவணையைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுத்தவருக்கு இது கடைசியில்தான் தெரியவரும்.

மூன்றாவது எல்லோருக்கும். இன்று சென்சார்களிலும் ஆக்சுவேட்டர்களிலும் கோலோச்சும் ஈய சிர்கோனேட் டைட்டனேட்டின் எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் ஈயம். மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி 2006-ல் நடைமுறைக்கு வந்தபோது இந்த வகைப் பீங்கானுக்கு விலக்குக் கொடுத்தார்கள். இணையான மாற்று இல்லை என்பதுதான் காரணம். அந்த விலக்கு மறுபடி மறுபடி நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஈயம் இல்லாத பேரியம் டைட்டனேட்டைப் போட்டியிலிருந்து ஒதுக்கும்போது சொல்லும் காரணங்களில் ஒன்று, 'கியூரி வெப்பநிலை 120தான், சூட்டுக்குத் தாங்காது'. கட்டிப் பீங்கானுக்கு அது உண்மை. திரிபை வைத்து அங்கே ஒன்றும் செய்ய முடியாது. படலத்தால் செய்யும் சாதனத்துக்கும் அதே காரணத்தைச் சொல்லி ஒதுக்குவது, பாதி விடையை வைத்து முழுத் தீர்ப்பு எழுதுவது.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை ஒன்றும் இல்லை. அட்டவணையில் 120-க்குப் பக்கத்தில் மூன்று சொற்கள்: 'திரிபற்ற கட்டிப் படிகத்தில்'. அதற்குக் கீழே பெர்ட்செவ் குழுவின் அந்த ஒரு வரைபடம். வினாத்தாளில் 'கியூரி வெப்பநிலை என்ன' என்பதற்குப் பதில் 'எந்த நிபந்தனையில் என்ன' என்று ஒரு கேள்வி. படலம் பற்றி எழுதுகிறவர்களுக்கும் ஒரு நிபந்தனை: திரிபை அளந்து காட்டு, சேர்மானத்தைச் சோதித்துக் காட்டு, பிறகு யாருக்குப் புகழ் என்று பேசு.

தண்ணீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தத்தை மறக்காமல் எழுதும் கைக்கு, படிகத்துக்கு மூன்று சொற்கள் எழுத வலிக்காது. அதுவரை 120 என்று எழுதுபவர்களுக்கு இரண்டுக்கு ஒரு மதிப்பெண் போதும்.